கல்குவாரிக்கான கருத்துக் கேட்புக் கூட்டம்: குறிப்பில் ஏறும்படி பேசுவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன், மேற்கு மாவட்டம் ஒன்றில் கல்குவாரிக்காக நடந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். கல்யாண மண்டபம் நிரம்பி, வாசற்படி வரை ஆட்கள் நின்றார்கள். மூன்று மணி நேரம் மைக் கைமாறிக்கொண்டே இருந்தது. கோபம், கண்ணீர், சாபம் எல்லாம் வந்து போயின. பிறகு வெளியான கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் அந்த மூன்று மணி நேரத்தின் பெரும்பகுதி, “பொதுமக்கள் பலர் திட்டத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தனர்” என்ற ஒரே வரிக்குள் அடங்கிப் போயிருந்தது. ஒரு மூதாட்டியின் பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. அவர் ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. “ஐயா, இந்தப் படத்துல எங்க கெணத்தக் காணமுங்க. அறுபதடிக் கெணறு. குழி வர்ற எடத்துக்கு வடக்கால ரெண்டு காடு தள்ளி இருக்குதுங்க. சர்வே நம்பரு சொல்றனுங்க, எழுதிக்கோங்க.” புல எண்ணோடு அது பதிவாயிற்று, பதிவானதால் அதற்குக் குவாரி தரப்பு எழுத்தில் பதில் சொல்ல வேண்டியும் வந்தது.

இந்த வழிகாட்டி அந்த வேறுபாட்டைப் பற்றியது. கருத்துக் கேட்புக் கூட்டம் வாக்கெடுப்பு அன்று. எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று எண்ணி முடிவு செய்யும் இடமும் அன்று. அனுமதி தருவதா மறுப்பதா என்று முடிவெடுப்பவர்கள் அந்த மண்டபத்தில் இருப்பதே இல்லை. சென்னையில் இருக்கும் அவர்களுடைய மேசைக்குப் போவது காகிதமும் காணொளியும் மட்டுமே. எனவே நாம் பேசுவது காகிதத்தில் ஏறக்கூடிய வடிவில் இருக்க வேண்டும். அதற்கான வேலை கூட்டத்தன்று அல்ல, ஒரு மாதம் முன்பே தொடங்குகிறது.

சட்டம் சொல்வது

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், 1986-இன் கீழ் மத்திய அரசு 14.9.2006 அன்று வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இந்தக் கூட்டத்துக்கு அடிப்படை. தொடக்கத்தில் 5 ஹெக்டேருக்குக் குறைவான சுரங்கக் குத்தகைகள் அதற்குள் வரவில்லை. ஒரே பாறையை நாலைந்து துண்டாக்கித் தனித்தனிக் குத்தகையாகக் காட்டினால் யாரும் எதுவும் கேட்க முடியாத நிலை இருந்தது. தீபக் குமார் எதிர் அரியானா மாநிலம் என்ற வழக்கில் 27.2.2012 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஓட்டையை அடைத்து, கல், மணல் போன்ற சிறு கனிமக் குத்தகைகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என்றது. பின்னர் 15.1.2016 அன்று வந்த திருத்தம், ஒரு குத்தகையின் எல்லையிலிருந்து 500 மீட்டருக்குள் அதே வகைக் கனிமத்துக்கான வேறு குத்தகை இருந்தால் அவற்றை ஒரே கொத்தாகப் பார்க்க வேண்டும் என்ற கருத்தைக் கொண்டுவந்தது. கொத்தில் எவை சேரும், எவை சேராது என்பதற்குச் சில விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் ஊர்ப் பாறையைச் சுற்றி 500 மீட்டருக்குள் ஓடும் குவாரி எத்தனை, மூடிக் கிடக்கும் குழி எத்தனை என்று நடந்து எண்ணிப் பார்ப்பதுதான். குவாரி தரப்பு தரும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை காட்டும் எண்ணிக்கையும் உங்கள் எண்ணிக்கையும் ஒத்துப்போகாவிட்டால், அதுவே உங்கள் முதல் கேள்வி.

கூட்டத்தை நடத்தும் பொறுப்பு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துடையது. தலைமை ஏற்பவர் மாவட்ட ஆட்சியர் அல்லது கூடுதல் மாவட்ட நிர்வாக நடுவருக்குக் குறையாத நிலையில் உள்ள அவருடைய பிரதிநிதி. தேசிய நாளிதழ் ஒன்றிலும் வட்டார மொழி நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் வர வேண்டும். அன்றிலிருந்து கூட்ட நாள் வரை குறைந்தது 30 நாள் இடைவெளி இருக்க வேண்டும். 2020-இல் வெளியான புதிய வரைவு அறிவிக்கை இந்த 30 நாளை 20 ஆகக் குறைக்க முனைந்தபோது நாடெங்கும் எழுந்த எதிர்ப்பு பலருக்கு நினைவிருக்கும். முப்பதே போதாது என்பது, அறிக்கையை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விளம்பரம் கண்ட முதல் வாரம்

விளம்பரத்தை நாளிதழின் பெயரும் தேதியும் தெரியும்படி முழுப் பக்கமாக எடுத்து வையுங்கள். இடைவெளி 30 நாளுக்குக் குறைவாக இருந்தால், கூட்டத்துக்கு முன்பே ஆட்சியருக்கும் வாரியத்துக்கும் எழுதிவிட வேண்டும். கூட்டம் முடிந்த பிறகு சொன்னால் அதன் கனம் பாதியாகிவிடும்.

வரைவு அறிக்கையும் அதன் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், ஊராட்சி மற்றும் நகர உள்ளாட்சி அலுவலகங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். சுருக்கம் தமிழிலும் இருக்கும். முழு அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கும். ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் “இன்னும் வரல” என்ற பதில் கிடைப்பது அரிதன்று. அப்போது சண்டை போடுவதைவிட, “இந்தத் தேதியில் இந்த நேரத்தில் வந்து கேட்டோம், அறிக்கை இல்லை” என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையோடு ஒப்புகை வாங்கிக்கொள்வது பயன் தரும். ஒப்புகை தர மறுத்தால் அன்றே ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். போடுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். அதற்குப் பதில் சொல்ல 30 நாள் கெடு உண்டு, கூட்டமும் அந்நேரம் முடிந்திருக்கும். மத்திய அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்திலும் வாரியத்தின் இணையதளத்திலும் தேடினால், விண்ணப்பப் படிவம், நிபுணர் குழு வகுத்துக் கொடுத்த ஆய்வு வரையறை, அறிக்கைச் சுருக்கம் ஆகியவை பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆய்வு வரையறையைத் தவறவிடாதீர்கள். இன்னின்னவற்றை ஆராய்ந்து வா என்று குழு இட்ட கட்டளை அது. அதையும் அறிக்கையையும் அருகருகே வைத்து, எந்தக் கட்டளை நிறைவேறவில்லை என்று குறித்தாலே இரண்டு பக்கம் நிரம்பும்.

வருவாய் ஆவணங்களைத் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலிருந்து எடுக்கலாம்: குத்தகை நிலத்துக்கும் அதைச் சுற்றியுள்ள நிலங்களுக்கும் உரிய புல வரைபடம், அ பதிவேட்டு நகல். கிராம வரைபடத்தைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்க்கலாம். அ பதிவேட்டில் ‘ஓடை’, ‘வாய்க்கால்’, ‘மேய்க்கால்’, ‘நத்தம்’ என்று வகைப்படுத்தப்பட்ட புல எண்களை வண்ணப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கையில் “நீரோட்டம் எதுவும் இல்லை” என்று எழுதிய இடத்தில் பதிவேடு ‘ஓடை புறம்போக்கு’ என்று சொல்வது நடக்காத காரியம் அல்ல.

அறிக்கையை எப்படிப் படிப்பது?

அறிக்கையின் அமைப்பை அறிவிக்கையே வகுத்திருக்கிறது. மொத்தம் 12 அத்தியாயங்கள். முதலிலிருந்து படிக்கத் தொடங்கினால் மூன்றாம் நாள் சோர்ந்துவிடுவீர்கள். மூன்றாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். இப்போதுள்ள நிலம், நீர், காற்று, உயிரினங்கள், மக்கள் பற்றிய விவரம் அங்கேதான் இருக்கிறது. அதைச் சரிபார்க்க உங்களைவிடத் தகுதியானவர் இல்லை. அதற்குப் பின் நான்காவது, விளைவுகளும் தடுப்பு நடவடிக்கைகளும்; பத்தாவது, சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டமும் அதற்கு ஒதுக்கிய தொகையும்; கடைசியாகப் பன்னிரண்டாவது, அறிக்கை தயாரித்த ஆலோசகர்கள் யார் என்பது. ஊரில் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் இருந்தால் ஆளுக்கோர் அத்தியாயம் பிரித்துக் கொடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மேற்பார்வை பார்த்தால் வேலை இன்னும் எளிது.

எதைத் தேடிப் படிப்பது? முதலில், இது நம் ஊர்தானா என்று பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. மகாராட்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்துக்கான பாக்சைட் சுரங்க அறிக்கை ஒன்றில், ரஷ்யக் குளிர்நிலத்துக்குரிய ஸ்ப்ரூஸ், பிர்ச் மரக்காடுகளைப் பற்றிய வரிகள் அப்படியே இடம்பெற்றிருந்தது அம்பலமானது. வேறொரு மாவட்டத்தின் பெயர், உங்கள் பகுதியில் இல்லாத ஆறு, பயிரிடாத பயிர், வளராத மரம் ஆகியவை தென்பட்டால் பக்க எண்ணோடு குறியுங்கள். ஒரு தவறு கவனக்குறைவாக இருக்கலாம். ஒன்பது தவறுகளைச் சேர்த்து வைத்தால், அந்த ஆய்வு இங்கே நடந்ததா என்ற கேள்வியைக் குழுவே கேட்கும். அறிவிக்கையின் 8-ஆம் பத்தி, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைத்தாலோ பொய்யாகத் தந்தாலோ விண்ணப்பத்தை நிராகரிக்கலாம், கொடுத்த அனுமதியையும் ரத்து செய்யலாம் என்கிறது. கோவாவின் மோபா விமான நிலைய வழக்கில் 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்துத் திரும்ப ஆராயச் சொன்னதற்கு, விண்ணப்பத்தில் சொல்லாமல் விட்டவை முக்கியக் காரணம்.

இரண்டாவது, காற்று அளந்த மாதங்கள். பருவமழைக் காலம் தவிர்த்த ஒரு பருவத்தில், அதாவது மூன்று மாதம், அளந்தால் போதும் என்பது நடைமுறை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அளந்திருந்தால், அப்போது காற்று கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வீசும். தூசி மேற்கே போகும். ஆடியில் நிலைமை தலைகீழ். அம்மியையும் பறக்கவைக்கும் என்று நம்மவர்கள் சொல்லும் அந்த மேல்காற்றில் குவாரித் தூசி முழுவதும் கிழக்கே உள்ள ஊரின் மேல் இறங்கும். உங்கள் ஊர் குழிக்குக் கிழக்கே இருந்து, அறிக்கை ஆடிக் காற்றையே பார்க்கவில்லை என்றால், “தென்மேற்குக் காற்றுக் காலத்தில் எங்கள் குடியிருப்பில் தூசி எவ்வளவு இருக்கும் என்று எந்தப் பக்கத்தில் கணக்கிட்டிருக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். 10 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகளுக்கு 24 மணி நேரத் தேசிய வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம், 2.5 மைக்ரானுக்கு உட்பட்டதற்கு 60. பாறைத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் தீராத நோயை உண்டாக்கும் என்பதால், தூசியின் அளவோடு அதில் உள்ள சிலிக்காவின் விழுக்காட்டையும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, தூரம். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959-இன் 36(1-ஏ) விதி, வசிப்பிடத்திலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக்கூடாது என்கிறது. வசிப்பிடம் என்றால் வருவாய்ப் பதிவேட்டில் ஊர் நத்தமாகவோ வீட்டுமனையாகவோ உள்ளதும், அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவும் ஆகும். அறிக்கையில் “அருகிலுள்ள குடியிருப்பு 1.2 கி.மீ.” என்று இருந்தால் எதிலிருந்து எதுவரை அளந்தார்கள் என்று பாருங்கள், குத்தகையின் நடுப்புள்ளியிலிருந்து ஊரின் நடுவில் உள்ள கோயில் வரை அளந்த கணக்கு நமக்குத் தேவையில்லை. எல்லைக்கல்லிலிருந்து முதல் நத்தப் புல எண் வரை உள்ள தூரமே கணக்கு. வயலில் தனியாக நிற்கும் பட்டா நிலத்து வீடு இந்த விதிக்குள் வருமா என்பது சிக்கலானது என்றாலும், அதில் ஆள் குடியிருப்பதை மின் கட்டண ரசீதும் குடும்ப அட்டையும் இணைத்துப் பதிவு செய்துவிட வேண்டும்.

கிணறும் விரிசலும்

உங்கள் கையில் உள்ள மிகப் பெரிய ஆதாரம் கிணறு. குழியைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் ஒரு பக்கம் என்று கணக்கு நோட்டு ஒன்றில் ஒதுக்குங்கள். புல எண், உரிமையாளர், வெட்டிய ஆழம், இப்போதைய நீர்மட்டம், மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரத்தில் ஊறி நிறைகிறது, எத்தனை ஏக்கர் பாய்கிறது என்று எழுதுங்கள். நீர்மட்டத்தை அளக்கக் கருவி தேவையில்லை. நூல் கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டி, கிணற்றின் விளிம்பில் சாயத்தால் ஓர் அடையாளம் இட்டு, எப்போதும் அதே அடையாளத்திலிருந்து இறக்குங்கள். கல் நீரைத் தொட்டதும் கயிறு தளரும். அந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, மேலே எடுத்து நாடாவால் அளந்து எழுதி, அருகில் இருந்த இருவரின் கையெழுத்தை வாங்குங்கள். மோட்டார் ஓடிய உடனே அளக்காமல், இரவெல்லாம் ஊறிய பிறகு விடியற்காலையில் அளப்பது நல்லது.

இதை வைத்து ஓர் ஒப்பீடு செய்யலாம். அறிக்கையில் குழியின் இறுதி ஆழம் தரப்பட்டிருக்கும்; பாறை மேடாக இருந்தால் தரைமட்டத்துக்கு மேல் இவ்வளவு, கீழ் இவ்வளவு என்று பிரித்துச் சொல்லியிருப்பார்கள். அவற்றைக் கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரமாக மாற்றிக்கொண்டு, உங்கள் கிணறு இருக்கும் இடத்துத் தரையின் உயரத்திலிருந்து நீர்மட்ட ஆழத்தைக் கழித்தால், குழியின் அடி உங்கள் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிறதா, கீழே போகிறதா என்று தெரிந்துவிடும். கீழே போகிறது என்றால், “நிலத்தடி நீருக்குப் பாதிப்பு இல்லை” என்ற வாக்கியத்துக்கு அடிப்படை என்ன என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நம் பகுதிக் கடினப் பாறையில் தண்ணீர் மணலில் ஊறுவதுபோலச் சமமாகப் பரவுவதில்லை, வெடிப்புகள் வழியே ஓடுகிறது. அதனால் நூறு மீட்டரில் உள்ள கிணறு தப்புவதும் முந்நூறு மீட்டரில் உள்ளது வற்றுவதும் நடக்கும். தூரத்தை மட்டும் காட்டிச் சொல்லும் ஆறுதலை ஏற்க வேண்டியதில்லை.

அடுத்து வீடுகள். வெடி வைக்கத் தொடங்கிய பிறகு விழும் விரிசலைக் காட்டினால், “முன்பே இருந்தது” என்பார்கள். ஆகவே குவாரி வரும் முன்பே வீடுகளின் சுவர்களை, விரிசல் இருப்பவற்றையும் இல்லாதவற்றையும், அளவுகோலும் அன்றைய நாளிதழும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இருபுறமும் சிமென்ட் வைத்து ஒட்டித் தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, குவாரிக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு வெடி அதிர்வின் வரம்பை அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழ் நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15 என்று வகுத்திருக்கிறது. அறிக்கையின் அதிர்வுக் கணக்கு எந்த வீட்டுக்குச் செய்யப்பட்டது, ஒரு வெடிக்கு எத்தனை கிலோ வெடிமருந்து என்று வைத்துச் செய்யப்பட்டது என்பவற்றைக் கேளுங்கள்.

லாரிக் கணக்கு

“போக்குவரத்து சிறிதளவே கூடும்” என்ற வரி ஏறக்குறைய எல்லா அறிக்கையிலும் உண்டு. எடுத்துக்காட்டாக, 5 ஆண்டில் 6 லட்சம் கன மீட்டர் கல் எடுக்கத் திட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,20,000, 300 வேலை நாள் என்றால் நாளொன்றுக்கு 400 கன மீட்டர். ஒரு கன மீட்டர் பாறை ஏறத்தாழ 2.6 டன் எடை இருக்கும் என்பதால் 1,040 டன். 20 டன் ஏற்றும் டிப்பருக்கு 52 நடை. போக, வர என்று 104. காலை 8 முதல் மாலை 6 வரை ஓடினால், பள்ளிக்கூடம் இருக்கும் சாலையில் ஆறு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் ஒரு டிப்பர். உங்கள் அறிக்கையின் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து, சாலையின் அகலத்தையும் நாடாவால் அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள். கல் எந்த கிரஷருக்குப் போகிறது என்றும் கேட்க வேண்டும். கிரஷர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தனி இசைவாணையின் கீழ் வருவது. குவாரி அறிக்கையில் அதன் தூசி பேசப்படாமலே போய்விடும்.

எழுத்தில் கொடுப்பது

பேசுகிறவர்களும் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஐந்நூறு பேர் ஒரே அச்சடித்த மனுவில் கையெழுத்திடுவதைவிட, ஐம்பது பேர் தங்கள் கிணறு, வீடு, ஆடு மாடு, சாலை பற்றித் தனித்தனியாக ஒரு பக்கம் எழுதுவதை நான் விரும்புவேன். முன்னதை ஒரே கருத்தாகச் சுருக்குவது எளிது, பின்னதைச் சுருக்க முடியாது. கூட்டத்துக்கு முன் கிராம சபை கூடினால் தீர்மானம் போடுங்கள். அது அனுமதியைத் தடுக்கும் சட்ட ஆயுதம் அல்லாவிட்டாலும், நடவடிக்கைக் குறிப்பில் இணைப்பாகப் போகும்.

எதிர்ப்பவர்கள் நிபந்தனைகளைப் பற்றிப் பேசலாமா, பேசினால் சம்மதம் ஆகிவிடாதா என்று தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். “எங்கள் எதிர்ப்பைக் கைவிடாமல், ஒருவேளை அனுமதி வழங்கப்படுமானால்” என்று தொடங்கி எழுதினால் அந்தத் தயக்கம் தேவையில்லை. வெடிக்கும் நேரம், டிப்பர் செல்லும் நேரம், கிணற்று நீர்மட்டத்தை மாதம்தோறும் ஊராட்சியில் ஒட்டுவது, கைவிடும் குழிக்கு வேலி ஆகியவற்றைக் கேட்காமல் விட்டால் அவை அனுமதி ஆணையில் தாமாக வந்து சேர்வதில்லை.

கூட்டத்தன்று

புறக்கணிப்பு என்ற யோசனை எங்கும் எழும். இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் கிடையாது. நாம் போகாவிட்டால் காலி நாற்காலிகளோடு நடந்து முடிந்துவிடும். நாற்காலியை உடைத்தால் இன்னும் மோசம்: மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும் சூழல் இல்லை என்று அறிக்கை போனால், கூட்டமே தேவையில்லை என்று முடிவெடுக்க அறிவிக்கை இடம் தருகிறது. ஊரில் சிலர் குவாரிக்கு ஆதரவாகவும் பேசுவார்கள். பாரம் ஏற்றிப் பிழைப்பவர், டிப்பர் ஓட்டுபவர் என்று அவர்களும் நம்மவர்களே. அவர்களை மறித்துக் கூச்சலிட்டால் காணொளியில் பதிவாவது நம் கூச்சல்தான்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடுவது சம்மதம் ஆகாது, துணிந்து போடுங்கள். ஆனால் எந்தத் தாளானாலும் அதன் தலைப்பைப் படித்த பிறகு போடுங்கள். நடவடிக்கை முழுவதும் காணொளியில் பதிவாக வேண்டும். கேமரா உங்களை நோக்கி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள். பெயர், ஊர், புல எண், அறிக்கையின் பக்க எண், அங்கே எழுதியிருப்பது, தரையில் இருப்பது, அதற்கான சான்று, கேள்வி என்ற வரிசை நினைவில் நிற்கும். “அறிக்கையின் 64-ஆம் பக்கத்தில் அருகில் கிணறு இல்லை என்று உள்ளது. என் கிணறு இந்தப் புல எண்ணில், குத்தகை எல்லையிலிருந்து 180 மீட்டரில் இருக்கிறது. படமும் அடங்கலும் இணைத்திருக்கிறேன். இது ஏன் விடுபட்டது?” என்று பேசினால், எழுதுகிறவரால் அதை ‘எதிர்ப்புத் தெரிவித்தார்’ என்று சுருக்க முடியாது. வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விண்ணப்பதாரரிடம் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும் என்பது விதி. “நேரமாகிறது” என்று மைக்கை வாங்கினால் அதையும் எழுத்தில் பதியுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கடைசி வரை இருப்பது. பேசி முடித்ததும் மண்டபம் பாதியாகக் காலியாகிவிடும். ஆனால் கூட்ட முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் வாசித்து விளக்க வேண்டும், அன்றே தலைவர் கையெழுத்திட வேண்டும் என்று அறிவிக்கை சொல்கிறது. விடுபட்டதைச் சேர்க்கச் சொல்லக்கூடிய நேரம் அந்தப் பத்து நிமிடம்தான். வாசிக்கவில்லை என்றால் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதும் கேமராவில் இருக்கும்.

கூட்டம் முடிந்த பின்

நடவடிக்கைக் குறிப்பு 8 நாளுக்குள் அனுமதி வழங்கும் ஆணையத்துக்குப் போக வேண்டும். ஊராட்சி அலுவலகத்திலும் ஆட்சியர் அலுவலகத்திலும் வாரியத்திலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அதில் பிழை இருந்தால் சென்னையில் உள்ள மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்கு நேரடியாக எழுதலாம். நீங்கள் எழுப்பியவற்றுக்கான பதிலோடும் அவற்றுக்கான செலவுத் திட்டத்தோடும் இறுதி அறிக்கை தயாராகும். நிபுணர் குழு 60 நாளுக்குள் அதைப் பரிசீலிக்கும், ஆணையம் அதற்கடுத்த 45 நாளுக்குள் முடிவெடுக்கும். குழுவின் கூட்டக் குறிப்புகள் பரிவேஷ் தளத்தில் வரும். வாரம் ஒருமுறை அதைப் பார்க்க ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

அனுமதி ஆணை வெளியானால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் நீட்டிக்கலாம். அதைத் தாண்டினால் தீர்ப்பாயத்தாலும் ஏற்க முடியாது. தென்மண்டல அமர்வு சென்னைச் சேப்பாக்கத்தில், கலச மகாலில் இருக்கிறது. இழப்பீடு கோராத மேல்முறையீட்டுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். அங்கே வழக்கறிஞர் முதலில் கேட்பது நடவடிக்கைக் குறிப்பின் நகலையும் நீங்கள் கொடுத்த மனுவின் ஒப்புகையையும்தான்.

மேல்முறையீட்டுக்குப் போகாவிட்டாலும் ஆணையின் நகலை வாங்கி, நிபந்தனைகளைத் தமிழில் எழுதி ஊராட்சிப் பலகையில் ஒட்டுங்கள். அவற்றை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்று குவாரிதாரர் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய இரு தேதிகளில் அரையாண்டு அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். அதில் உள்ள நீர்மட்ட எண்களோடு ஒப்பிட, கிணற்றுக் கணக்கு நோட்டும் அந்த முடிச்சுக் கயிறும் தேவைப்படும்.